அந்த ஒரு செகண்டுக்கு முன்னாடி ஒரு முழு வருஷம் இருக்கு மாப்ள

மாப்ள,

அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு படிச்சப்பதான் எனக்கு உசுரே வந்துச்சு. பிசியோதெரபிய மட்டும் பாதில நிறுத்த விட்றாத, வலிக்குது வலிக்குதுன்னு சொல்லுவாங்க, கூடவே நின்னு செய்ய வை. இங்க எல்லாரும் சௌக்கியம். ஹண்ட்ஸ்வில்லுலயேதான் இருக்கோம், அதே கம்பெனி அதே வேலை. பொண்ணு நாலாவது படிக்கிறா, இந்த அலபாமா மாநிலத்துல அமெரிக்கன் ஃபுட்பால்னா ரெண்டு யூனிவர்சிட்டி டீம்தானே, அவ கிளாஸ்ல பாதிப் பேரு அலபாமா பாதிப் பேரு நம்ம ஆபர்ன், ரெண்டும் மோதுற அயர்ன் பௌல் மேட்ச் வர்ற நவம்பர் பொறந்துட்டா புள்ளைங்க சட்டை கலர வச்சே ரெண்டு கட்சியா பிரிஞ்சு உக்காருதுங்களாம்.

உன் பையன் ஃபோன்ல அந்த 2013 ஆபர்ன்-அலபாமா மேட்ச் வீடியோவ பாத்துட்டு "அப்பா இது நீ படிச்ச ஊருதானே, ஒரு ஆளு ஓடுனதுக்கு ஏன் இவ்ளோ பேர் அழறாங்க"ன்னு கேட்டான்னு எழுதியிருந்தல்ல, அதப் படிச்சதுலேருந்து எனக்கு வேற எதுவும் ஓடல மாப்ள. நீ அவன்கிட்ட "பெரிய மேட்ச், கடைசி செகண்ட்ல ஜெயிச்சோம்"னு சொல்லி முடிச்சிட்டேன்னு எழுதியிருக்க. அது பத்தாதுடா. அவன் கேட்டது சரியான கேள்வி. அந்த ஓட்டத்த மட்டும் பாத்தா யாருக்கும் அழுகை வராது. அவனுக்கு நீ 2012-லேருந்து சொல்லணும்.

நாம ஆபர்ன்ல படிக்கப் போய் எறங்குன சீசன் அது. ஞாபகம் இருக்கா, ஆபர்ன் டீம் 3 ஜெயிச்சு 9 தோத்தாங்க, சொந்த கான்ஃபரன்ஸ்ல, அதாவது அவங்க இருக்க லீக்ல, ஆடுன 8 மேட்ச்சுல ஒண்ணு கூட ஜெயிக்கல. கடைசியா அலபாமாகிட்ட 49-0. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நாட்டுக்கே சாம்பியனா இருந்த டீம் அது, அப்படி தரைமட்டமா ஆயிடுச்சு. கோச்ச வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நமக்கு அப்ப ரூல்ஸே சரியா தெரியாது, ஆனா அடுத்த நாள் காலைல பஸ்ல ஒரு ஆளு பேசல பாரு, எழவு வீட்டுக்குப் போயிட்டு வந்த மாதிரி எல்லாரும் ஜன்னலையே பாத்துக்கிட்டு இருந்தாங்க, அன்னைக்குத்தான் எனக்கு இந்த ஊருல இது வெறும் விளையாட்டு இல்லன்னு புரிஞ்சுது.

அதோட அந்த மரம். காம்பஸ் ஓரத்துல டூமர்ஸ் கார்னர் முக்குல இருந்த ரெண்டு ஓக் மரத்தையும் பையனுக்குக் கண்டிப்பா சொல்லு. ஒவ்வொரு தடவை ஜெயிக்கும்போதும் ஊரே அங்க கூடி மரத்து மேல டாய்லெட் பேப்பர் ரோல வீசி வெள்ளையா மூடிரும். 2010-ல ஆபர்ன் 24-0-ன்னு பின்னாடி இருந்து எழுந்து வந்து அலபாமாவ 28-27-ல ஜெயிச்சாங்க, அது பொறுக்காம அலபாமா ஆதரவாளர் ஒருத்தரு அந்த மரத்துக்கு வெஷம் வச்சுட்டாரு. என்னென்னமோ வைத்தியம் பாத்தாங்க, பொழைக்கல. 2013 ஏப்ரல்ல வெட்டும்போது நானும் நீயும் லேபுக்குப் போற வழியில நின்னு பாத்தோமே. நமக்குப் பின்னால ஒரு அம்மா, அறுபது வயசு இருக்கும், சத்தமில்லாம கண்ணத் தொடச்சுக்கிட்டே நின்னாங்க. தோத்துப் போன டீம், செத்துப் போன மரம், இதோட ஆரம்பிக்குது அந்த வருஷம்.

புது கோச் கஸ் மால்ஸான் வந்தாரு, யாரும் பெருசா எதுவும் எதிர்பாக்கல. மூணு ஜெயிச்சாங்க, ஒண்ணு தோத்தாங்க, அப்புறம் நிறுத்தவே இல்ல. நவம்பர் 16 ஜார்ஜியா மேட்ச், 20 பாயிண்ட் முன்னாடி இருந்து கோட்டை விட்டு 38-37-ன்னு பின்தங்கி, கடைசி வாய்ப்பு, 18 யார்டு வேணும், நம்ம டீம்ல பந்து எறியற நிக் மார்ஷல் கண்ண மூடிட்டு எறிஞ்ச மாதிரி ஒரு பந்து எறிஞ்சாரு, ஜார்ஜியா ஆளுங்க ரெண்டு பேரும் அதப் பிடிக்கப் போயி தட்டி விட, அது அப்படியே பின்னாடி ஓடிட்டிருந்த ரிக்கார்டோ லூயிஸ் கையில போய் விழுந்துச்சு. 73 யார்டு, மேட்ச் நம்மளுது. அதையே வாழ்க்கைல ஒரு தடவைதான் பாக்க முடியும்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க. ரெண்டே வாரம்.

நவம்பர் 30, தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்து வந்த சனிக்கிழமை. அலபாமா நம்பர் ஒன், தொடர்ந்து ரெண்டு வருஷம் சாம்பியன், நிக் சேபன் கோச். ஆபர்ன் நம்பர் நாலு. ஜோர்டன்-ஹேர் ஸ்டேடியத்துல 87,451 பேரு. நீ எக்ஸ்பெரிமெண்ட் ரன் ஆகுது வர முடியாதுன்னு ரூம்லயே இருந்துட்ட, நான் ஸ்டூடண்ட் செக்ஷன்ல, கையில ஆரஞ்சும் நீலமுமா அந்த ஷேக்கரு. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கழுகு மேலேருந்து ஒரு ரவுண்டு சுத்தி வந்து நடு மைதானத்துல எறங்கும்ல, அது சுத்தி முடிக்கிற வரைக்கும் "வா...ர்"னு இழுத்துக்கிட்டே இருந்து எறங்குனதும் "ஈகிள்"னு கத்துறது, அது இப்ப நெனச்சாலும் எனக்குப் புல்லரிக்கும்.

மேட்ச்ச முழுசா சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். 21-7 பின்தங்கி 21-21 வந்தாங்க. நாலாவது குவார்ட்டர்ல அலபாமாவ அவங்க ஒரு யார்டு லைன்லயே மடக்கி நிறுத்திட்டோம், அங்கேருந்து ஏ.ஜே. மெக்காரன் எறிஞ்ச பந்த அமாரி கூப்பர் பிடிச்சு 99 யார்டு டச்டவுன், அதாவது பந்து மைதானத்தோட மறுகோடிக் கோட்டையே தாண்டிருச்சு, 28-21. ஸ்டேடியம் செத்துப் போச்சு. ஆனா அலபாமா அன்னைக்கு கிக்குல, அதாவது பந்த ரெண்டு கம்பத்துக்கு நடுவுல உதைச்சு மூணு பாயிண்ட் எடுக்கறதுல, சொதப்பிக்கிட்டே இருந்துச்சு, அவங்க கிக்கர் கேட் ஃபாஸ்டர் மூணு தடவை உதைச்சு மூணும் போச்சு, அதுல ஒண்ணு நம்ம ஆளுங்க தடுத்தது. அதனாலயே ஒரு எடத்துல ஈஸியா மூணு பாயிண்ட் எடுக்க வேண்டிய எடத்துல சேபன் கிக் வேணாம்னு ஒரு யார்டுக்கு ஓட விட்டாரு, நிறுத்திட்டாங்க. என்னைக் கேட்டா மேட்ச் திரும்புனது அங்கதான், ஓட்டத்துல இல்ல. அப்புறம் நம்ம டீம் ட்ரே மேசன் கையிலயே பந்தக் குடுத்துக் குடுத்து முன்னாடி வந்தாங்க, 32 செகண்ட் இருக்கு, நிக் மார்ஷல் ஓடப் போறாருன்னு எல்லாரும் அவரு மேல பாய, கடைசி நிமிஷத்துல பந்த சாமி கோட்ஸ் பக்கம் தூக்கிப் போட்டாரு, அவர சுத்தி ஒரு ஆளு இல்ல. 28-28.

இப்ப பையன் பாத்த எடத்துக்கு வர்றேன். அலபாமாவோட டி.ஜே. யெல்டன் 24 யார்டு ஓடி கோட்டுக்கு வெளிய போனாரு, கடிகாரம் ஜீரோ. ஓவர்டைம்னு நெனச்சு நாங்க எல்லாரும் தண்ணி குடிக்க குனிஞ்சோம். சேபன்தான் விடல, இல்ல இன்னும் ஒரு செகண்ட் இருக்குன்னு நின்னாரு, ரீப்ளே பாத்து ஒரு செகண்ட்ட திருப்பிக் குடுத்தாங்க. பையனுக்கு இத அழுத்திச் சொல்லு, அந்த ஒரு செகண்ட்ட கேட்டு வாங்குனதே அவங்கதான்.

57 யார்டு கிக். ஃபாஸ்டர் சரியில்லன்னு ஆடம் கிரிஃபித்த எறக்குனாங்க. மால்ஸான் டைம்அவுட் எடுத்தாரு, அந்த கேப்புலதான் பின்னாடி நின்ன ஆள மாத்தி கிரிஸ் டேவிஸ நிறுத்துனாரு. ஏன்னா கிக் கம்பம் வரைக்கும் போகாம மைதானத்துக்குள்ளயே விழுந்தா அது செத்த பந்து இல்ல, எதிர் டீம் பிடிச்சு ஓடலாம். இது நெறைய பேருக்குத் தெரியாது, எனக்கும் அன்னைக்கு நேர்ல தெரியாது. இன்னொரு விஷயம், கிக் பண்ற டீம்ல அந்த நேரம் மைதானத்துல நிக்கிறது பூரா மறைச்சு நிக்கிறதுக்குன்னே போட்ட மலை மாதிரி ஆளுங்க, அவங்களால ஒரு டேவிஸ துரத்திப் பிடிக்க முடியாது. பாத்தா அதிர்ஷ்டம் மாதிரி இருக்கும், ஆனா உள்ள ஒருத்தரு யோசிச்சிருக்காரு.

பந்து மேல போச்சு, நேராதான் போச்சு, நீளம் பத்தல. கம்பத்துக்குக் கீழ டேவிஸ் பிடிச்சாரு. அப்பக் கூட "அப்பாடா ஓவர்டைம்"னுதான் எனக்குத் தோணுச்சு. எனக்குப் பக்கத்துல மூஞ்சி பூரா நீலம் அடிச்ச பையன் ஒருத்தன், முன்னப் பின்ன தெரியாது, என் முழங்கைய இறுக்கிப் பிடிச்சான், மறுநாள் வரைக்கும் நகம் பதிஞ்ச தழும்பு இருந்துச்சு. டேவிஸ் இடது பக்கம் கோட்ட ஒட்டி வந்தாரு, கோட்டுக்கும் அவரு காலுக்கும் நடுவுல அவ்ளோ கொஞ்சம் எடம். அதத் தாண்டுனதும் முன்னால யாரும் இல்ல. அதுக்கு மேல நான் ஒண்ணும் பாக்கல மாப்ள, முன்னாடி நின்னவங்க எல்லாம் பெஞ்சு மேல ஏறிட்டாங்க, சத்தத்த வச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். கணக்குல 100 யார்டுன்னு எழுதுனாங்க, கம்பத்துக்கிட்டேருந்து எண்ணுனா 109. 34-28.

நீ சொன்னது இன்னும் காதுலயே இருக்கு. ரூம்ல டிவி கொஞ்சம் லேட்டா வரும்ல, டிவியில கிரிஃபித் இன்னும் அடி எடுத்துக்கூட வைக்கல, ஜன்னலுக்கு வெளிய ஸ்டேடியம் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்துச்சு, அதோ ஏதோ நடந்துருச்சுன்னு தெரிஞ்சு போச்சு, என்ன நடந்துச்சுன்னு தெரியாம டிவிய பாத்துக்கிட்டே நின்னேன்னு சொன்னியே. உள்ள இருந்த என்னை விட உன் கதை எனக்குப் பிடிச்சிருக்குடா. இத நீ பையனுக்கு சொல்லவே இல்லன்னு நெனைக்கிறேன், சொல்லு.

அப்புறம் எல்லாரும் மைதானத்துக்குள்ள குதிச்சோம். ஓரத்துல இருக்க புதர்வேலி பூரா நொறுங்கிப் போச்சு, ஆளுக்கு ஒரு கிளைய ஒடிச்சுக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாங்க. நடுவுல ஒரு வயசானவரு, பக்கத்துல பேரன் வயசுல ஒரு பையன், அவரு அந்தப் பையன் தோளப் பிடிச்சிக்கிட்டு "போன வருஷமும் வந்தோம், எல்லா மேட்ச்சுக்கும் வந்தோம்"னு திரும்பத் திரும்ப சொல்றாரு. ஜெயிச்சோம்னு சொல்லல மாப்ள. வந்தோம்னு சொன்னாரு. உன் பையன் ஏன் அழறாங்கன்னு கேட்டதுக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் அந்த மனுஷன்தான். 49-0 தோத்தப்பவும் அடுத்த வருஷத்துக்கு டிக்கெட் எடுத்த ஆளுங்க அவங்க.

நைட்டு டூமர்ஸ் கார்னர் போனோமே, நீயும் எக்ஸ்பெரிமெண்ட்ட விட்டுட்டு ஓடி வந்துட்ட. மரம் இல்ல, கம்பம் நட்டு கம்பி கட்டி விட்டிருந்தாங்க, அது மேல பேப்பர் வீசுனாங்க. மரம் இருந்த எடத்துல கம்பிதான் இருந்துச்சு, ஆனா ஒருத்தரும் வீசாம போகல. 2015-ல புது மரம் வச்சாங்க.

கிரிஃபித்த பத்தி ஒண்ணு சொல்லணும். போலந்துல அனாதை இல்லத்துல இருந்து பதிமூணு வயசுல அமெரிக்காவுக்குத் தத்து வந்த பையன் அவன். அந்த வயசுல அந்த எடத்துல 57 யார்டு கிக் பத்தலன்னா அது குத்தமே இல்ல, ஆனா அந்த வீடியோ ஓடுற ஒவ்வொரு தடவையும் அவன் உதையிலதான் ஆரம்பிக்கும். அவன் அதோட உடைஞ்சு போகல. 2015-ல அதே ஜோர்டன்-ஹேர்ல நமக்கு எதிரா அஞ்சு கிக் போட்டான், அலபாமா 29-13. அடுத்து நேஷனல் சாம்பியன்ஷிப் ஃபைனல்ல யாரும் எதிர்பாக்காத நேரத்துல ஒரு குட்டி கிக் வச்சு பந்த திரும்ப அவங்க கைக்கே கொண்டு வந்தான், அதுதான் மேட்ச்ச மாத்துச்சு. நம்மகிட்ட ஜெயிச்சது வலிச்சாலும் அவனுக்காக நான் சந்தோஷப்பட்டேன், இத உண்மையா சொல்றேன்.

ரேடியோவுல "ஆபர்ன்ஸ் கோனா வின் த ஃபுட்பால் கேம்"னு தொண்டை கிழியக் கத்துனாரே ராட் பிராம்ப்லெட், அவரும் அவரு மனைவியும் 2019 மே மாசம் கார் ஆக்ஸிடெண்ட்ல போயிட்டாங்க, அன்னைக்கு உனக்கு ஃபோன் பண்ணேன்ல. பையனுக்கு அந்த வீடியோவ ரேடியோ குரலோட போட்டுக் காட்டு. டிவி குரல் வேணாம்.

அந்த சீசன் ஃபைனல்ல ஃப்ளோரிடா ஸ்டேட்கிட்ட 13 செகண்ட் இருக்கும்போது டச்டவுன் வாங்கி 34-31-ல தோத்தோம், 2023-ல அதே நம்ம மைதானத்துல அலபாமா கடைசி வாய்ப்புல 31 யார்டு எறிஞ்சு 32 செகண்ட் மிச்சம் வச்சு 27-24-ல நம்மள முடிச்சாங்க. சாமி கோட்ஸ் போட்டதும் 32 செகண்ட்லதான். அதையும் மறைக்காம சொல்லு, அவன் ஜெயிச்ச வீடியோ மட்டும் பாத்து ரசிகனாகக் கூடாது.

ஒத்தப்படை வருஷத்துலதான் அயர்ன் பௌல் ஆபர்ன்ல நடக்கும். அடுத்து வர்றப்ப அவனக் கூட்டிட்டு வா, அம்மாவுக்கு அதுக்குள்ள நல்லா சரியாயிடும். டிக்கெட் நான் பாத்துக்கறேன், ஆனா ஆறு மாசம் முன்னாடியே சொல்லு, விசாவுக்கும் அவன் ஸ்கூல் லீவுக்கும் நாளாகும். எந்த மாசம் வசதின்னு வீட்ல கேட்டு எழுது.

உன்
மச்சான்