பெயரைத் துடைத்துவிட்டுத் திருப்பித் தந்த கிராமபோன் பெட்டி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் உங்களுக்கு எழுதும் ஆறாவது கடிதம். முதல் ஐந்துக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்ற ஒரே வரிதான் பதிலாக வந்தது. இந்த முறையும் பொறுமையாகவே எழுத உட்கார்ந்திருக்கிறேன். எவ்வளவு தூரம் முடிகிறது என்று பார்ப்போம்.

என் பெட்டி எது என்று உங்களுக்கே தெரியும். பச்சை ரெக்சின் உறை போட்ட சூட்கேஸ் கிராமபோன், பழுதுபார்க்கக் கொடுத்து எட்டு மாதம் உங்கள் அலமாரியில் கிடந்ததே, அதுதான். நான் கேட்டது இரண்டே விஷயம். இது யார் செய்த பெட்டி என்று சொல்லுங்கள். அப்புறம் பாட வையுங்கள். அந்த வரிசையில்தான் கேட்டேன்.

முதலில் எச்.எம்.வி. கம்பெனியின் 102ஆம் மாடல் என்றீர்கள். 1931இல் வந்த அந்த மாடல் என்றால் மூடிக்குள் நாய்ப் படம் எங்கே? ஊசியின் அதிர்வை ஒலியாக்கும் சவுண்ட் பாக்ஸில் 5ஏ, 5பி என்று ஏதாவது இருந்ததா? என் மூடிக்குள் இருந்தது பாதி உரிந்த தங்க நிற ஒட்டுப்படம், அதில் மிஞ்சியது மூன்றே எழுத்து. அடுத்த மாதம் 'தோரன்ஸ்' என்ற சுவிஸ் கம்பெனி என்றீர்கள். தட்டைச் சுழற்றும் மோட்டாரில் அந்தப் பெயர் இருக்கிறதாம். ஐயா, அந்தக் காலத்தில் பெட்டி செய்த பலரும் மோட்டாரை சுவிட்சர்லாந்திலிருந்து வாங்கித்தான் மாட்டினார்கள். பித்தானைப் பார்த்துச் சட்டை தைத்தவர் பெயரைச் சொல்வீர்களா? எனக்கே தெரிந்த இது, இதையே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்குத் தெரியாதா?

தெரியாது போலத்தான் இருக்கிறது. உங்கள் தொலைபேசி ஆசாமியிடம் இதைக் கேட்டபோது, "பாட்டுதானே சார் வேணும், பேர் எதுக்கு? போன்ல போட்டுக் கேளுங்க" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. இரும்பு ஊசி நூறு பாட்டுக்குத் தாங்கும் என்று சொன்னதும் அதே ஆசாமிதான். தட்டின் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்பது கிராமபோனின் பாலபாடம். நீங்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பி, என் இரண்டு இசைத்தட்டுகளின் பள்ளக் கோடுகள் தேய்ந்து வெளுத்துப் போயின. கோடி கொடுத்தாலும் அவை திரும்பக் கிடைக்காது.

இன்னொன்றை விட்டுவிட்டேன். இதற்கெல்லாம் முன்பு, "பெட்டி தயார், வந்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று செய்தி அனுப்பினீர்கள். விடுப்பு போட்டுவிட்டு மூன்று மணி நேரம் பயணம் செய்து வந்தேன். அறைச் சாவி வைத்திருப்பவர் அன்று லீவாம். உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியில் பெட்டி வந்தது. மூடி பளபளவென்று இருந்தது. ஒட்டுப்படத்தைக் காணோம்! ஏதோ திரவம் போட்டுத் துடைத்தே எடுத்திருக்கிறீர்கள். பழைய சவுண்ட் பாக்ஸும் இல்லை, புதிது ஒன்று மாட்டியிருக்கிறது. "விரிசல் இருந்ததால் மாற்றப்பட்டது" என்று ஒரு சீட்டு. அந்தக் காலத்துத் துத்தநாகக் கலவை வீங்கி விரிசல் விடும், சரி. ஆனால் அதன் பின்புறத்தில்தான் எண் இருந்தது. அந்த மூன்று எழுத்தும் அந்த எண்ணும்தான் எனக்கிருந்த துப்பு. இரண்டையும் அழித்துவிட்டு, "அடையாளம் காண இயலவில்லை" என்று அறிக்கை வேறு. எங்கள் குடும்பத்தின் பாதிக் கதை உங்கள் குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது.

பாட்டாவது பாடுகிறதா? மோட்டாரை ஓட்டும் ஸ்பிரிங் இருக்கும் டப்பாவுக்குள் 'தொம் தொம்' என்று அடிக்கிறது. இறுகிப்போன பழைய கிரீஸைத் தொடவே இல்லை என்பதற்கு அது ஒன்றே சாட்சி. மூன்று நிமிடத் தட்டு முடிவதற்குள் வேகம் இறங்கி, பாடகி ஆணாகிவிடுகிறார்.

தயவுசெய்து அந்தச் சவுண்ட் பாக்ஸைத் தேடிப் பிடித்து, உடைந்திருந்தாலும் அப்படியே அனுப்பிவையுங்கள். துடைப்பதற்கு முன் யாராவது மூடியைப் படம் எடுத்திருந்தால் அதையும் அனுப்புங்கள். ஸ்பிரிங்கைக் கழற்றிச் சுத்தம் செய்து புது கிரீஸ் போட்டுத் தாருங்கள். உங்கள் ஊழியர்கள்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் கிடையாது, அந்தச் சிரிப்பு ஆசாமியைத் தவிர. பதினைந்து நாள் பார்ப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் இந்த ஆறு கடிதங்களும் உங்கள் சீட்டும் நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகும்.

இப்படிக்கு,
உங்கள் (இப்போதைக்கு) வாடிக்கையாளர்

பி.கு.: பெட்டியோடு வந்த சாவிக் கைப்பிடி என்னுடையது அல்ல, பாதிச் சுற்றில் நழுவுகிறது. என் கைப்பிடியை வைத்துக்கொண்டு வேறு யாரோ விழித்துக்கொண்டிருப்பார். அவரையும் கண்டுபிடியுங்கள்.