பரிசுப் பொதிகள்: விநியோகம் தள்ளிப்போகிறது

அனைவருக்கும் வணக்கம். பொருட்கள் போதுமான அளவு வந்துவிட்டன. தாமதத்துக்குக் காரணம், எந்தக் குழந்தைக்கு யார் பொதி தயாரிப்பது என்ற பட்டியல். ஒரே குழந்தையின் பெயரை இரண்டு பேர் எடுத்திருக்கிறார்கள், சில பெயர்களை யாருமே எடுக்கவில்லை. ஆளாளுக்குப் பிரதி எடுத்துத் திருத்தியதால் வந்த வினை இது. இனி ஒரே பட்டியல், திருத்துபவரும் ஒருவரே. பெட்டியில் குழந்தையின் பெயருக்குப் பதில் பட்டியல் எண் மட்டும் போடுங்கள். குழந்தைகளின் விவரம் வெளியே போகக் கூடாது.

எண்ணைப் பெட்டியின் பக்கவாட்டில் இரண்டு இடத்தில் மார்க்கரால் எழுதுங்கள். மூடியில் எழுதினால், அடுக்கியதும் மறைந்துவிடும். வெளியே சீட்டு ஒட்டினால் ஈரத்தில் உரிந்துவிடும். உள்ளேயும் எண் எழுதிய ஒரு துண்டுச்சீட்டு வேண்டும். அடியில் நடுவே ஒரு டேப் மட்டும் ஒட்டினால் தூக்கும்போது பிளக்கும். இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள். எடை 10 கிலோவுக்குள் இருக்கட்டும்.

உடைக்கு வயதை நம்பாதீர்கள், உயரத்தைக் கேளுங்கள். பேட்டரி பொம்மை என்றால் பேட்டரியையும் சேர்த்து வையுங்கள். தயவுசெய்து வண்ணத்தாள் சுற்றிக் கொண்டுவர வேண்டாம், சரிபார்க்கப் பிரிக்க வேண்டிவரும். தாளும் டேப்பும் தனியாகத் தாருங்கள்.

உடன்பிறந்தவர்களின் பொதிகளைக் கயிற்றால் ஒன்றாகக் கட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு வந்து மற்றதற்கு வராமல் போவதுதான் மிகப் பெரிய வேதனை. விடுபட்டவர்களுக்காக 20 பொதிக்கு 2 கூடுதலாக வைக்கிறோம். எடுத்த எண்ணை முடிக்க முடியாதவர்கள் இன்றே சொல்லிவிடுங்கள். வருத்தமில்லை, வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம்.