ஏற்காட்டு லூப் ரோட்டில் மூன்று மணி நேரம் கேட்டு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சேலம் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கும்,

வணக்கம்.

நான் அஸ்தம்பட்டியில் குடியிருப்பவன். பன்னிரண்டு வருடமாகச் சைக்கிளில் ஊர் சுற்றுகிறேன். பந்தயத்துக்குப் போகிறவன் இல்லை. கேரியரின் இரண்டு பக்கமும் பை மாட்டிக்கொண்டு, ஒரு பம்பு, இரண்டு டியூப், ஒரு செட் மாற்றுத்துணியோடு நாளைக்கு நூறு கிலோமீட்டர் போய், இருட்டுவதற்குள் ஏதாவது ஓர் ஊரில் தங்கிவிடுவேன்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டில் 32 கிலோமீட்டர் லூப் ரோடு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 6.30 முதல் 9.30 வரை அதில் சுற்றுலா வாகனங்களை நிறுத்தி, சைக்கிளில் வருகிறவர்களுக்கும் நடக்கிறவர்களுக்கும் விட வேண்டும். இதற்காகப் புதிய பாதை எதுவும் போட வேண்டியதில்லை.

இந்த எண்ணம் எனக்கு மலையில் வரவில்லை, கடற்கரையில் வந்தது. போன ஜனவரியில் சேலத்திலிருந்து கோடியக்கரைக்கு மூன்று நாள் மிதித்துப் போனேன். நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் வழி. ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். திருச்சியிலிருந்து வேதாரண்யம் போகிற எவருக்கும் 1930 ஏப்ரல் ஞாபகத்துக்கு வரும். 1917-இல் நம் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, உப்பு எடுக்கத் தொண்டர்களோடு பதினைந்து நாள் நடந்த வழி அது. வேதாரண்யத்தைத் தாண்டினால் அகஸ்தியம்பள்ளியில் அந்த நினைவுத் தூண் இருக்கிறது. பக்கத்தில் உப்பளங்கள், வெயிலில் கண்ணைக் கூசும் வெள்ளைக் குவியல்கள். தஞ்சாவூருக்குக் கிழக்கே ஏற்றமே கிடையாது, ஆனால் கடல்காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். அன்றைக்கு இருபது கிலோமீட்டர் போவதற்குள் இரண்டு மணி நேரம் ஆனது.

வேதாரண்யத்தில் என் மச்சான் வீடு. மனைவியும் பதின்மூன்று வயது மகளும் பஸ்ஸில் அங்கே வந்து சேர்ந்துகொண்டார்கள். மறுநாள் காலை மகளுக்கு ஒரு சைக்கிளைக் கடன் வாங்கிக் கொடுத்து, இரண்டு பேருமாகக் கோடியக்கரைச் சரணாலயத்துக்குப் போனோம். வெளிமானைக் காப்பதற்காக 1967-இல் அறிவிக்கப்பட்ட காடு. 2002-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. வேலை நாள் என்பதால் எங்களைத் தவிர வண்டியே இல்லை. பாலை மரங்களுக்கு நடுவே போகிற பாதையில், டயர் மணலில் உரசுகிற சத்தமும் எங்கள் மூச்சும்தான் கேட்டன. ஒரு திருப்பத்தில் புல்வெளி திறந்துகொண்டது. திருகுக் கொம்போடு ஒரு கருப்பு ஆண், சுற்றிலும் பதினைந்து இருபது பெட்டைகளும் குட்டிகளும். பழைய தமிழில் இரலை என்பார்களே, அதுதான். மகள் பிரேக் பிடித்து ஒரு காலை ஊன்றி நின்றாள். ஆண்மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் மேயத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கழித்து எங்கோ தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆன சத்தம் கேட்டது. மொத்தக் கூட்டமும் துள்ளி ஓடிவிட்டது.

திரும்பி வரும் வழியில் மகள் கேட்டாள்: “அப்பா, நம்ம ஏற்காட்டுல என்னை ஏன் ஒரு தடவைகூட ஓட்ட விட்டதில்ல?”

அதற்கான பதிலைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். சேலம் ஊர் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர்கூட இல்லை. ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறை ஒட்டி இருக்கிறது. இடையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். அந்த ஏற்றத்தைப் பற்றி எனக்குப் புகார் கிடையாது. சின்ன கியரில் போட்டு, மூச்சை எண்ணிக்கொண்டு ஏறினால் யாராலும் முடியும். ஏறி முடித்த பிறகு வருகிற லூப் ரோடுதான் இந்த மலையின் அழகே. நாகலூர், மஞ்சக்குட்டை என்று காப்பித் தோட்டங்களுக்குள்ளேயே சுற்றி வரும். சில்வர் ஓக் நிழல், அதில் ஏறிய மிளகுக் கொடி, பலா, ஆரஞ்சு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி, இருநூறு வருடமாக இந்த மலையின் பிழைப்பாக இருக்கிறது. மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்து பத்து நாளில் செடி முழுக்க வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை போல வாசம். அந்த வாசத்தைக் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறவர்கள் அறியவே மாட்டார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு அங்கே நின்று பாருங்கள். வளைவுக்கு வளைவு ஹாரன். குரங்குக்குச் சிப்ஸ் போடுவதற்காக நடுரோட்டில் கார் நிற்கும். அதைத் தாண்ட இன்னொன்று வலதுபக்கம் ஏறும். இரண்டு வருடம் முன்பு ஒரு சுற்றுலா வேன் என்னை ஒட்டி முந்தியதில் நான் ஓரத்துக் காப்பிச் செடிகளுக்குள் விழுந்தேன். மணிக்கட்டில் மெல்லிய முறிவு, ஆறு வாரம் மாவுக்கட்டு. வேன் நிற்கவில்லை. என் மகளை அந்த ரோட்டில் விடாததற்குக் காரணம் அந்த ஆறு வாரம்தான்.

முதலில் நான் அடிவாரத்திலிருந்து ஏறும் மலைப்பாதையையே நிறுத்தச் சொல்லிக் கேட்பதாக இருந்தேன். மனுகூட எழுதி வைத்துவிட்டேன். நாகலூர்ப் பக்கம் டீ குடிக்க நின்றபோது ஒரு எஸ்டேட் தொழிலாளியிடம் இதைச் சொன்னேன். “சார், எங்க வீட்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா கீழ பெரியாஸ்பத்திரிக்குத்தான் ஓடணும். அந்த ரோட்ட மூடச் சொல்றீங்களா?” என்றார். அன்றைக்கு ராத்திரியே அந்த மனுவைக் கிழித்துப் போட்டேன். மலையில் வாழ்கிறவர்களுக்கு ரோடு என்பது பொழுதுபோக்கு அல்ல. பள்ளி, ரேஷன், சந்தை, பிரசவம் எல்லாம் அதில்தான் போகின்றன. ஆகவே இந்த மடலில் கேட்பது லூப் ரோட்டை மட்டும். அதிலும் அரசுப் பேருந்து, ஆம்புலன்ஸ், பால் வண்டி, அங்கே குடியிருப்பவர்களின் வண்டி, தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் எல்லாம் வழக்கம்போல் போகட்டும். வெளியூரிலிருந்து வருகிற காரும் பைக்கும் வேனும் மட்டும் மூன்று மணி நேரம் ஏரிக்கரையில் நிற்கட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. சத்தியமங்கலம் காட்டுக்குள் போகிற திம்பம் மலைப்பாதையில் வண்டியில் அடிபட்டு விலங்குகள் செத்ததால் இரவுப் போக்குவரத்துத் தடையை 2022-இல் உயர் நீதிமன்றமே அமல்படுத்தச் சொன்னது. அங்கேயும் உள்ளூர் மக்களுக்கும் அவசர வண்டிகளுக்கும் விலக்கு இருக்கிறது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. மகாராஷ்டிரத்தின் மாதேரான் மலையில் தஸ்தூரி என்கிற நுழைவிடத்தோடு சுற்றுலாக் கார்கள் நின்றுவிடுகின்றன, அதற்கு மேல் ஊருக்குள் நடந்தோ குதிரையிலோ குட்டி ரயிலிலோ போகிறார்கள். அப்படியும் கூட்டம் குறையவில்லை. கடல் பக்கம் பார்த்தால் நெதர்லாந்தில் ஸ்கீர்மோனிகோக் என்றொரு தீவு. பெரும்பகுதி தேசியப் பூங்கா. வெளியாட்கள் கார் கொண்டுவர முடியாது, கப்பலில் இறங்கிய உடனே சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மணல்மேட்டுக்கும் பறவைகளுக்கும் நடுவே கிளம்பிவிடுகிறார்கள். அங்கே நாள் முழுக்கக் கிடைப்பதில் மூன்று மணி நேரத்தைத்தான் இங்கே கேட்கிறேன்.

வன அலுவலர் அவர்களுக்குத் தனியாக ஒன்று. மலையில் காட்டெருமைகள் உண்டு என்பது நீங்கள் அறிந்தது. சைக்கிள் சத்தமில்லாமல் போவது ஒரு வகையில் ஆபத்தும்கூட, திருப்பத்தில் திடீரென எதிரில் போய் நின்றுவிட்டால் அதுவும் மிரளும். அதனால்தான் இருட்டு முழுசாக விலகும் 6.30 என்று கேட்டேன். திருப்பங்களில் மணி அடித்துக்கொண்டு போவது, எருமை ரோட்டில் நின்றால் ஐம்பது மீட்டர் தள்ளி இறங்கி நிற்பது, குரங்குக்கு எதுவும் போடாமலிருப்பது என்று நீங்கள் எந்த விதி வைத்தாலும் ஏற்கிறோம். விலங்கு நடமாட்டம் அதிகம் என்று நீங்கள் நினைக்கும் மாதத்தில் மொத்தமாக ரத்து செய்தாலும் சரி. கோடை விழா நடக்கும் மே மாதத்தில் இதைக் கேட்கவே மாட்டோம்.

ஏரிக்கரைக் கடைக்காரர்கள் வியாபாரம் போய்விடுமோ என்று கவலைப்படலாம். மலையேறி வந்தவனின் பசியை அவர்கள் பார்த்ததில்லை. ஆறு பேர் வந்தால் முப்பது இட்லி காலியாகும். அப்புறம் வாடகைச் சைக்கிள். ஊர் இளைஞர்கள் நான்கு பேர் இருபது சைக்கிள் வாங்கி, பஞ்சர் ஒட்டவும் பிரேக் சரிபார்க்கவும் கற்றுக்கொண்டால் வார இறுதியில் ஒரு வருமானம் நிற்கும். இறக்கத்தில் பிரேக்கை அழுத்தியே வைத்தால் ரிம் கொதிக்கும், விட்டு விட்டுப் பிடிக்க வேண்டும். அதைச் சொல்லித் தர நாங்கள் சம்பளமில்லாமல் வருகிறோம்.

ஆறு ஞாயிறு சோதனையாக நடத்திப் பாருங்கள். இரண்டு முனைகளிலும் தடுப்பு வைத்தால், போலீசாருக்குத் துணையாக நிற்க எங்கள் பக்கத்திலிருந்து ஆள் தருகிறோம். கோரிமேட்டிலிருந்தும் கன்னங்குறிச்சியிலிருந்தும் ஒன்பது பேர் இப்போதே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வாரம் முடிந்ததும் நாகலூர், மஞ்சக்குட்டை மக்களைக் கூட்டிக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடலாம்.

முதல் ஞாயிறு எது என்று மட்டும் ஒரு வாரம் முன்னால் தெரிவியுங்கள். மகளின் சைக்கிளுக்குப் புதிய பிரேக் கட்டை மாட்டி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு சைக்கிள்காரன்