கோச்சி ஓடின மேடு

அன்பு மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்கு மட்டும் பனிக்கு முழங்கால் நோவு கொஞ்சம் கூட.

நீ அனுப்பின படங்கள் கிடைத்தன. பிரிஸ்டலில் இருந்து பாத் வரைக்கும் 13 மைல், பழைய ரயில் பாதையில் கார் பயம் இல்லாமல் சைக்கிள் ஓடலாம் என்றால் யாருக்குத்தான் பொறாமை வராது? சுரங்கத்துக்குள்ளால் நீ வருகிற படத்தை அப்பா பெரிதாக்கிப் பார்த்தார், தலையில் ஹெல்மெற் இருக்கா என்று.

ஆனால் ரயில் போன பாதையில் சைக்கிளில் போவது உனக்கு அங்கே தொடங்கின பழக்கம் இல்லை, பிள்ளை. 1990 ஜூனில் சண்டையால் யாழ்தேவி ரயில், எங்கட கொழும்புக் கோச்சி, நின்றபோது நீ கைக்குழந்தை. பிறகு தண்டவாளமும் போச்சு, சிலிப்பர் கட்டைகளும் பங்கருக்குப் போச்சு. மிஞ்சினது மேடும் சல்லிக்கல்லும்தான். பெற்றோல் வராத காலம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் மண்ணெண்ணெயில் ஓடினார்கள், மற்ற எல்லாருக்கும் சைக்கிள். இணுவிலில் அந்த மேட்டால் உன்னைக் கரியரில் வைத்து நான் எத்தனை தரம் உழக்கியிருப்பேன். கோச்சியையே காணாத பிள்ளை நீ, "இதில என்னம்மா ஓடினது?" என்று கேட்பாய்.

இந்தத் தை மாதம் நானும் சின்னம்மாவும் அதே வழியைத் திரும்பப் பிடித்தோம். அவசரம் ஒன்றும் இல்லை. காலமை வெளிக்கிட்டு இரண்டு ஸ்ரேசன் தூரம் போவது, தேத்தண்ணி குடிப்பது, வெயில் ஏற முதல் திரும்புவது. கொக்குவில், கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம் என்று நாளுக்குக் கொஞ்சமாக. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் ரயில் திரும்பி ஓடத் தொடங்கினதால் இப்போது மேட்டில் ஏற ஏலாது, பக்கத்து ஒழுங்கைகளால்தான் ஓட்டம். கேற் இல்லாத கடவைகளில் சின்னம்மா இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, பிறகும் ஒருதரம் பார்த்துத்தான் சைக்கிளைத் தள்ளுவா.

1905இல் கொழும்பில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு முதல் கோச்சி வந்த பாதை இது. புது ஸ்ரேசன்கள் வடிவுதான். எனக்கென்றால் பழசு ஒளிந்திருக்கிற இடங்கள்தான் பிடித்தது. ஒரு வளவில் மாட்டுக் கொட்டிலுக்கு வளையாகத் தண்டவாளத் துண்டு. துருவேறியும் ஒரு நூல் வளையவில்லை. நாங்கள் படலையில் நின்று எட்டிப் பார்த்ததைக் கண்டு வீட்டுக்கார அம்மா, "என்ன, றெயில்வேயில இருந்து திருப்பிக் கேக்க வந்தனீங்களோ?" என்றா. பிறகு இருத்தி வைத்து மோர் தந்தா.

தெல்லிப்பழைக்கு அங்காலே எங்கள் கதை குறைந்துபோச்சு. எவ்வளவு காலம் ஆமி போகவிடாமல் மறித்து வைத்திருந்த நிலம்! காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை 1990 இல் இருந்து அப்படியே செத்துப்போய் நிற்கிறது. அப்பா வேலை முடிந்து வருகிற கோச்சிக்காக நான் காத்திருந்த ஸ்ரேசன் எந்தப் பக்கம் பார்த்தது என்று சின்னம்மாவோடு வாக்குவாதப்பட்டு, முடிவு காணாமல் கீரிமலைக்குப் போய் முழுகிவிட்டு வந்தோம்.

அடுத்தது தலைமன்னார். 1984 வரைக்கும் அங்கே இருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல் ஓடினது. கலியாணத்துக்கு முதல் அம்மம்மாவோடு நான் அதில் போயிருக்கிறேன். கப்பல் இல்லை, பழைய இறங்குதுறை சிதைந்து கிடக்கிறதாம், ஆனால் கோச்சி இப்போதும் அந்தத் துறைமுனை வரைக்கும் போகிறது. சைக்கிளை வான் வண்டியில் ஏற்றி மன்னார் வரைக்கும் கொண்டுபோய், அங்கே இருந்து தீவின் நீளத்துக்கும் மெல்ல மெல்ல ஓடலாம் என்று நினைப்பு.

நீயும் வருவாய் என்றால் மாசியில் லீவு எடு. நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன் என்று நிற்காதே. அந்த நேரம் சோளகக் காற்று அடிக்கும், மன்னார்ப் பக்கம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்கவேண்டி வரும். வரும்போது சின்னம்மாவுக்கு ஒரு மெத்தென்ற சீற் கவர் வாங்கி வா. எனக்கு வேண்டாம், என்ரை லுமாலா சைக்கிள் சீற் பழகிப்போச்சு.

அன்புடன்,
அம்மா