சர்க்கரை நோய்ப் பிரிவிலேயே விழித்திரைப் படம் எடுக்க வேண்டி மனு

பெறுநர்
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: சர்க்கரை நோயாளிகளுக்கு மருந்து வாங்க வரும் அன்றே விழித்திரைப் படம் எடுக்க ஏற்பாடு செய்யக் கோருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு 11 வருடமாகச் சர்க்கரை நோய். மாதம் தவறாமல் அரசு மருத்துவமனைக்குப் போகிறேன். ரத்தம் எடுப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், மாத்திரை தருவார்கள். கண்ணைப் பற்றிக் கேட்டால் சுவரில் இருக்கும் எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்வார்கள். கடைசி வரி வரை படித்துவிடுவேன். "கண் நல்லாத்தான் இருக்கு, போங்க" என்பார்கள். நானும் நம்பினேன்.

போன வருடம் ஒரு முகாமில் விழித்திரையைப் படம் எடுத்தார்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, உள்ளே தெரிந்த விளக்கைப் பார்த்தேன். பளிச்சென்று ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். திரையில் ஆரஞ்சு நிற வட்டம் வந்தது. அதில் பேனா முனையால் குத்தியதுபோலச் சிவப்புப் புள்ளிகள். நடுப்பகுதிக்குப் பக்கத்தில் மெழுகு சிந்தியதுபோல மஞ்சள் திட்டுகள். அன்று காலைகூடக் கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

சிவப்பு, நுண்ணிய ரத்தக் குழாய்கள் புடைத்ததும் கசிந்ததும். மஞ்சள், கசிவோடு வந்து படிந்த கொழுப்பு. பார்வையின் மையமான மாக்குலாவின் நடுப்புள்ளியை இவை தொடாதவரை எழுத்து அட்டைக்கு எதுவும் தெரியாது.

அப்புறம் ஓ.சி.டி. என்ற ஒளி ஸ்கேன் எடுக்க அனுப்பினார்கள். முதலில் எடுத்த படம் தட்டையானது. நீர் கோத்திருக்கலாம் என்று ஊகிக்க உதவுமே தவிர, வீக்கம் எவ்வளவு என்று சொல்லாது. ஓ.சி.டி. விழித்திரையைக் குறுக்கே வெட்டிப் பார்த்ததுபோல அடுக்கடுக்காகக் காட்டி, தடிமனை மைக்ரான் கணக்கில் அளக்கிறது. என் படத்தில் மையத்தை ஒட்டிய இடம் மேடிட்டு, உள்ளே நீர் கோத்த இடங்கள் கறுப்புக் குமிழிகளாகத் தெரிந்தன. இப்போது சிகிச்சையில் இருக்கிறேன். கை நரம்பில் சாயம் ஏற்றி விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் படம் எடுக்கும் ஆஞ்சியோகிராம் 1961 முதலே இருக்கிறது. அது எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை, நான் கேட்பதும் அதை அல்ல.

கேட்பது இதுதான். ஒவ்வொரு சர்க்கரை நோய்ப் பிரிவிலும், கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படம் எடுக்கும் ஃபண்டஸ் கேமரா ஒன்று வேண்டும். சொட்டு மருந்து போட்டால் சில மணி நேரம் கண் மங்கும், அன்றைய வேலை போகும். அதற்குப் பயந்தே பலர் கண் பிரிவுப் பக்கம் போவதில்லை. படம் எடுக்கச் செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும். கண் மருத்துவர் வேறு ஊரிலிருந்தே அதைப் பார்க்கலாம். மருத்துவர் பார்க்காமலே முடிவு சொல்லும் மென்பொருளுக்கு அமெரிக்காவில் 2018லேயே அனுமதி கிடைத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கண்புரை இருந்தாலோ, கண் பாப்பா சுருங்கியிருந்தாலோ படம் தெளிவாக விழாது. அந்தப் படத்துக்கு "நோய் இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. சொட்டு மருந்து போட்டு மறுபடி எடுக்க வேண்டும். அப்போதும் சரிவராவிட்டால் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வீக்கம் என்று சந்தேகம் வந்தால் ஓ.சி.டி.க்குத் தேதி குறித்தே சீட்டு தர வேண்டும்.

டைப் 2 நோயாளிக்கு நோய் தெரிந்த உடனே முதல் படம், அப்புறம் வருடம் ஒன்று. இங்கிலாந்தில் 2003இல் இப்படித் தேசியத் திட்டம் தொடங்கினார்கள். 2009–10 கணக்கில், வேலை செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து சர்க்கரை நோய் கீழே இறங்கியிருந்தது.

என் இரண்டு படங்களின் நகலையும், அதே மாதம் "பார்வை இயல்பு" என்று எழுதித் தந்த சீட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சர்க்கரை நோயாளி ஒருவர்