வாவிக்கரையில் கண்டல் நடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு வாவிக்கரையில் கண்டல் நடும் திட்டங்களை நடத்துகின்ற நிறுவனத்தாருக்கும், அவற்றுக்கு அனுமதி வழங்குகின்ற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

போன மாதம் நடந்தது உங்களுக்குத் தெரியும். படங்களையும் நீங்களே வெளியிட்டிருந்தீர்கள். அந்தப் படங்களில் வராத ஒன்றைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் வரிசை பிடித்துக் கண்டல் நட்ட அந்தச் சேற்றுக்கரையில் வெண்கண்டல், தில்லை என்ற வேறு இரண்டு உவர்நீர்க்கரை மரங்களின் கன்றுகள் தானாகவே முளைத்து நின்றன. அவற்றில் ஆய்வுக்காக நாங்கள் கட்டிய நிற ரிபனும் இலக்கத் தகடும் இருந்தன. பற்றை துப்புரவு செய்கிறோம் என்று சொல்லி அவற்றைப் பிடுங்கி, ரிபனோடு சேர்த்துக் கரையில் குவித்துவிட்டார்கள்.

நான் இந்த வாவியில் களஆய்வு செய்கின்ற பல்கலைக்கழக மாணவி. உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: கன்றுகள் தானாக முளைத்து வருகின்ற இடத்தில் கை வைக்காதீர்கள். வேறு இடத்தில் நடுவதானாலும், அந்த இடத்தின் நீரையும் உப்பையும் மண்ணையும் பற்றி முதலில் கேளுங்கள். சொல்வதற்கு நாங்கள் தயாராக இருக்கிறோம்.

எங்கள் வாவியின் குணம் கொஞ்சம் வேறு. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்ற இந்த நீர், பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும்தான் கடலைத் தொடுகிறது. இங்கே வற்றுப்பெருக்கு, அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது, பெரிதாக இல்லை. மாரி மழையில் வாவி நிறைந்து வயல்களுக்குள் ஏறும். முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டியதும் நீர் மளமளவென்று இறங்கும். அப்புறம் கடல்நீர் உள்ளே வரும். கச்சான் என்ற வறண்ட காற்று வீசுகின்ற மாதங்களில் கரையோரச் சேறு காய்ந்து உப்புப் பூக்கும். ஒரு கன்று இவை எல்லாவற்றையும் ஒரே வருடத்துக்குள் தாங்க வேண்டும்.

தாங்குகின்ற விதம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒவ்வொன்று. வெண்கண்டல் உப்புநீரை உறிஞ்சிவிட்டு, மேலதிக உப்பை இலை வழியாக வெளியேற்றும். வெயில் நாளில் இலையைத் தடவினால் விரலில் உப்பு ஒட்டும். நீங்கள் நடுகின்ற கண்டல் இனமோ, உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். அதன் விதை தாய்மரத்தில் தொங்கும்போதே முளைத்து, ஈட்டி போல் நீண்டு, பிறகுதான் விழும். எடுத்து நடுவதற்கு அவ்வளவு வசதி. எல்லாரும் அதையே நடுவதற்கு அந்த வசதிதான் காரணம் என்று நினைக்கிறேன். அந்த மரத்தில் ஒரு குற்றமும் இல்லை. அதற்கு உரிய இடத்தில் அது நன்றாகவே வளர்கிறது.

நாங்கள் தேடியது இதுதான்: ஒரே கரையில், ஒரே இனத்தில், பக்கத்துப் பக்கத்தில் முளைத்த கன்றுகளில் சில செத்துப்போகச் சில ஏன் நிற்கின்றன? உப்பா, நீர் தேங்குகின்ற நாட்களா, நண்டா, அல்லது அந்தக் கன்றுக்குள்ளேயே இருக்கின்ற ஏதோ ஒரு பலமா? நண்டு சின்ன விடயமல்ல. விழுந்த முளைகளை இழுத்துப்போய்த் தின்பதும் அதுதான், வளை தோண்டி மூச்சுத் திணறுகின்ற சேற்றுக்குள் காற்றை அனுப்புவதும் அதுதான். எந்த மரம் எங்கே நிற்கும் என்பதில் அதற்கும் பங்கு உண்டு. இயற்கைத் தெரிவு என்று வகுப்பில் படிக்கின்ற விடயம் அந்தச் சேற்றில் எங்கள் கண்முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது.

பிடுங்கியதால் என்ன போனது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். ரிபன் கடையில் கிடைக்கும். தகடு திரும்ப அடிக்கலாம். போன மாரியின் வெள்ளத்தில் கழுத்தளவு மூழ்கி, பிறகு கோடையின் உப்பிலும் நின்று, நண்டுக்கும் மாட்டுக்கும் தப்பிய கன்றுகளை எந்த நாற்றுமேடையிலிருந்து கொண்டு வருவது? எங்கள் கேள்விக்கு விடையே அந்தக் கன்றுகள்தான். அந்த வெள்ளம் திரும்ப வராது. இனி புதிதாக முளைப்பவற்றுக்கு ரிபன் கட்டினால், அது வேறொரு வருடத்தின், வேறொரு வெள்ளத்தின் கதை. ஆய்வை நீட்டிக்கலாமே என்று உங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். நீட்டிப்பதற்கு அங்கே எதுவும் மிச்சமில்லை என்பதை அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வெண்கண்டலின் மூச்சு வேர்கள் சேற்றுக்கு மேலே குத்திட்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காற்றில்லாத சேற்றுக்குள் இருக்கின்ற வேர்கள் சுவாசிப்பது அவற்றின் வழியாகத்தான். பஸ்களில் வந்து இறங்கிய பிள்ளைகள் அவற்றின் மேலே நடந்து போனார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். ஆசையோடு, ஒரு நல்ல காரியத்துக்காக வந்தவர்கள். மிதிக்கக்கூடாது என்று சொல்லிக் கொடுக்க அங்கே ஒருவர் இருந்திருக்க வேண்டும்.

இது புதிதாகக் கற்க வேண்டிய பாடமுமல்ல. 2004 டிசம்பரில் கடல் எங்கள் ஊர்களை அடித்துச் சென்ற பிறகு, நாடு முழுவதும் கரையோரத்தில் கண்டல் நட்டார்கள். அதற்கு என்ன ஆனது என்று றுகுணு பல்கலைக்கழக ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து தேடிப் பார்த்து, 2017 இல் வெளியிட்டார்கள். 23 இடங்களில் 9 இடங்களில் ஒரு கன்று கூட மிஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டயர் வரை நட்டதில், தப்பியது 200 முதல் 220 ஹெக்டயர் வரைதான். பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதும், நட்ட பிறகு கவனிக்காமல் விட்டதும் முக்கியமான காரணங்கள். நீர் எப்போதும் தேங்கி நிற்கின்ற இடத்தில் நட்ட கன்று மூழ்கித்தான் சாகும். அறிக்கை வந்து இவ்வளவு காலமான பிறகும் எங்கள் கரையில் அதே இனம், அதே வரிசை, அதே அவசரம்.

ஒரு கன்றில் ரிபன் கட்டுவதற்கு நாங்கள் அனுமதிக் கடிதத்துக்காக மாதக்கணக்கில் அலைகிறோம். ஒரு கையொப்பத்துக்காக ஒரே மேசைக்குத் திரும்பத் திரும்பப் போகிறோம். ஆயிரக்கணக்கில் நடுவதற்கும், அதற்காக நிற்பதைப் பிடுங்குவதற்கும் அனுமதி எப்படி அவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறது? எத்தனை கன்று நட்டோம் என்று பலகையில் எழுதுகிறீர்கள். மூன்று வருடம் கழித்து எத்தனை நிற்கிறது என்று எழுதிய ஒரு பலகையை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. 2024 இல் இலங்கையின் கண்டல் மீட்புப் பணியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது. நடுவதை விட, நீரோட்டத்தைச் சரிசெய்து தானாக வளர விடுவதுதான் அந்தப் பணியில் பாராட்டப்பட்ட வழி. அந்தப் பெருமை எங்கள் வாவிக்கும் சேர வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பிடுங்கிய குவியலைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இறால் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு ஐயா, "தானா முளைச்சு வாறதை ஏன் மகள் புடுங்கினவங்க?" என்று கேட்டார். இறால் குஞ்சும் மீன் குஞ்சும் எந்த வேருக்குள் ஒதுங்குகின்றன என்று அவருக்குத் தெரியும். நடுவதற்கு முன் அவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கண்டல் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எங்களுக்கும் வேற்றுமை இல்லை. அதனால் மரியாதையோடு மறுபடியும் கேட்கிறேன்: தானாக முளைக்கின்ற இடங்களை விட்டுவிடுங்கள். அனுமதி கொடுக்கும் முன், அங்கே ஆய்வு ஏதும் நடக்கிறதா என்று பல்கலைக்கழகத்திடமும் மீனவர் சங்கத்திடமும் எழுத்தில் கேளுங்கள். நட்ட கன்றுகளை மூன்று வருடமாவது எண்ணி, கணக்கை ஊருக்குச் சொல்லுங்கள். எண்ணுவதற்கு நாங்கள் வருகிறோம், கூலி வேண்டாம்.

அந்தக் கரையின் வடக்குப் பக்கத்தில் ஒரு துண்டு பிடுங்கப்படாமல் தப்பியிருக்கிறது. அங்கே கட்டிய ரிபன்கள் அப்படியே இருக்கின்றன. அடுத்த கட்டமாக அந்த இடத்தில்தான் நடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டோம். தயவுசெய்து அதை நிறுத்திவையுங்கள். மாரி தொடங்கும் முன் உங்களில் ஒருவர் வந்து பார்த்தால் நல்லது. மூச்சு வேர்களை மிதிக்காமல் உள்ளே போவதற்கு ஒரு வழி இருக்கிறது, நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
வாவிக்கரையில் ஆய்வு செய்கின்ற ஒரு மாணவி
மட்டக்களப்பு