ஆய்வகக் கணினிகளில் டெபியன் புதுப்பிப்புகளை நிறுத்தி வைக்காதீர்கள்

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் கல்லூரி முதல்வர்களுக்கும், மேனிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும், கணினி ஆய்வகப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்ததை ஒட்டி, புதிய கணினிகள் வாங்க நிதியில்லாத ஆய்வகங்கள் சில நம் பகுதியில் டெபியன் என்ற கட்டற்ற லினக்ஸ் இயங்குதளத்திற்கு மாறின. துணிந்து அந்த முடிவை எடுத்தவர்களை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் நான் பார்த்த ஆய்வகங்கள் பலவற்றில், நிறுவிய நாளுக்குப் பிறகு ஒரு புதுப்பிப்புகூடச் செய்யப்படவில்லை. காரணம் கேட்டால், நன்றாக ஓடுவதை ஏன் தொட வேண்டும், செய்முறைத் தேர்வு நேரத்தில் ஏதேனும் மாறிவிட்டால் யார் பொறுப்பேற்பது என்ற பதிலே வருகிறது. மாணவர்கள்மீது அக்கறை கொண்டவர்களின் அச்சம் அது. அந்த அச்சத்திற்கு, அன்றாடப் பயன்பாட்டுக்கென வெளியிடப்படும் டெபியன் நிலைப்பதிப்பில் பெரும்பாலும் இடமில்லை என்பதை எடுத்துச் சொல்லவே இந்த மடலை எழுதுகிறேன்.

2023 ஜூன் 10 அன்று வெளியான டெபியன் 12-இல் பைத்தான் நிரல்மொழியின் 3.11 பதிப்பு இருந்தது. அதன்பின் எத்தனை திருத்த வெளியீடுகள் வந்தபோதும் அது 3.11-ஆகவே இருக்கிறது. பிளஸ் டூ மாணவர் ஜூன் மாதம் எழுதிப் பழகிய நிரல், பிப்ரவரியில் செய்முறைத் தேர்வின்போதும் அதே பைத்தானில்தான் ஓடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வரும் இந்த வெளியீடுகள் புதிய வசதிகளைக் கொண்டுவருவதில்லை. பாதுகாப்புக் குறைகளையும் கடுமையான பிழைகளையும் மட்டுமே சரிசெய்கின்றன. அவசரமான பாதுகாப்புத் திருத்தங்கள் இடைப்பட்ட நாட்களிலும் தனியாக வந்துகொண்டிருக்கும்.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு, ஒரு கணினியை வலையமைப்பு வழியே தொலைவிலிருந்து இயக்க உதவும் ஓபன்எஸ்எஸ்எச் மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. கடவுச்சொல் இல்லாமலே, வெளியிலிருந்து ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற வழிவிடும் குறை ஒன்று அதில் இருப்பதாக 2024 ஜூலை 1 அன்று அறிவிக்கப்பட்டது. மூல உருவாக்குநர்கள் அதை 9.8 பதிப்பில் சரிசெய்தார்கள். டெபியன் 12-இல் இருந்ததோ 9.2. டெபியன் பாதுகாப்புக் குழு 9.8-ஐ அப்படியே கொண்டுவந்து திணிக்கவில்லை. அந்தக் குறையை நீக்கும் சில வரிகளை மட்டும் பழைய 9.2-க்குள் பொருத்தி, அதே நாளில் வெளியிட்டது. அதனால் அமைப்புக் கோப்புகளில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. புதுப்பிப்பை நிறுத்தி வைத்திருந்த கணினிகளில் மட்டும், அந்தச் சேவை ஓடிக்கொண்டிருந்தால், கதவு திறந்தே கிடந்தது. தணிக்கைக்கு வருபவர் 9.2 என்ற எண்ணைப் பார்த்துப் பழையது என்று குறிப்பெழுதினால், எண்ணின் பின்னொட்டைக் காட்டுங்கள். டெபியன் 12-க்கான எத்தனையாவது திருத்தம் என்பது அதில்தான் இருக்கிறது.

விதிவிலக்குகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயர்பாக்ஸ் உலாவியின் பழைய பதிப்புகளுக்குத் திருத்தங்களைப் பொருத்துவது நடைமுறையில் இயலாது என்பதால், அதன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு மாறும்போது டெபியனிலும் மாறும். தவறுகளும் நேர்ந்ததுண்டு. 2023 டிசம்பரில் டெபியன் 12-இன் திருத்த வெளியீடான 12.3 வெளியாகவிருந்த வேளையில், அதில் சேர்ந்திருந்த கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தரவைச் சிதைக்கக்கூடிய பிழை ஒன்று தெரியவந்தது. உடனே எச்சரிக்கை விடுத்து, நிறுவல் வட்டுகளின் வெளியீட்டை நிறுத்தி, டிசம்பர் 10 அன்று 12.4-ஐக் கொண்டுவந்தார்கள். இதிலிருந்து நாம் கைக்கொள்ள வேண்டியது நிதானத்தைத்தான். முதலில் ஒரே ஒரு கணினியைப் புதுப்பித்து, இரண்டு மூன்று நாள் வகுப்புக்குப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு மற்றவற்றிற்குச் செல்லுங்கள்.

இணைய வேகம் போதாது என்ற குறை குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துப் பள்ளிகளிலிருந்து அடிக்கடி வருகிறது. ஆய்வகத்தின் ஒரு கணினியில் ஏப்ட்-கேச்சர்-என்ஜி என்ற சிறு மென்பொருளை நிறுவினால், ஒவ்வொரு மென்பொருள் பொதியும் ஒரே ஒருமுறைதான் இணையத்திலிருந்து இறங்கும். மற்ற கணினிகள் உள்வலையமைப்பிலேயே அதைப் பெற்றுக்கொள்ளும். அதற்கு முன், புதுப்பிப்புகளை எங்கிருந்து பெறுவது என்று கணினிக்குச் சொல்லும் களஞ்சியப் பட்டியலைத் திறந்து பாருங்கள். இணையமின்றி வட்டிலிருந்தோ பென் டிரைவிலிருந்தோ நிறுவிய கணினிகள் பலவற்றில் நிறுவல் வட்டு மட்டுமே அதில் இருக்கும். பாதுகாப்புக் களஞ்சியமே இருக்காது. புதிதாக எதுவுமில்லை என்று அவை நாள்தோறும் சொல்வதை நம்பிவிடக் கூடாது.

துணைமின் நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு என்று நாளிதழில் அறிவிப்பு வந்தால், அன்று காலை முதல் மாலை வரை மின்சாரம் இருக்காது என்று ஊரே ஏற்றுக்கொண்டு வேலைகளை மாற்றி வைக்கிறது. கணினி ஆய்வகத்திற்கும் அப்படியொரு நாளை நேர அட்டவணையிலேயே குறித்துவிடுங்கள். மின்நிறுத்த நாளாக மட்டும் அது அமைய வேண்டாம். பாதியில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடர, பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்ற கருவியில் கட்டளை உண்டு. என்றாலும் யுபிஎஸ் நல்ல நிலையில் இருக்கட்டும். கெர்னல் மாறியிருந்தால் மறுதொடக்கம் செய்த பிறகுதான் திருத்தம் நடைமுறைக்கு வரும். இங்கே பெரும்பாலும் தவறுவது இந்தக் கடைசிப் படிதான். கோடை விடுமுறை முழுவதும் அணைந்து கிடந்த கணினிகளை, மாணவர்கள் வந்து அமர்வதற்கு முன்பே புதுப்பித்துவிடுவது நல்லது.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் விசைப்பலகையும் மின்விசிறியும் வரிவரியாக இடம்பெறுகின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பு பற்றி ஒரு வரியும் நான் பார்த்தவற்றில் இல்லை. அடுத்த ஒப்பந்தத்தில் அதைச் சேர்க்குமாறும், புதுப்பித்த நாள், கெர்னல் பதிப்பு, செய்தவர் கையொப்பம் ஆகியவற்றுக்கு ஆய்வகப் பதிவேட்டில் இடம் ஒதுக்குமாறும் வேண்டுகிறேன்.

டெபியன் 11 வைத்திருப்போர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதன் நீண்டகால ஆதரவு 2026 ஆகஸ்ட் 31 வரைதான். அதிலிருந்து நேரடியாக டெபியன் 13-க்குத் தாவ இயலாது. முதலில் 12-க்குச் சென்று, அதை முழுமையாகப் புதுப்பித்த பிறகே 13-க்கு நகர வேண்டும். இரண்டு கட்டங்களுக்கும் நாள் ஒதுக்கி, மாணவர் கோப்புகளைப் படியெடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள். உதவி தேவைப்படும் ஆய்வகங்களுக்கு விடுமுறை நாட்களில் நேரில் வந்து உடனிருந்து செய்துதர நானும் நண்பர்களும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் ஒருவர்,
காட்பாடி